கணவருக்குச் சர்க்கரை, மனைவிக்குப் பத்தியம்

உணவு ஆலோசகரின் தொழில் என்னவென்று யாராவது கேட்டால், கணவருக்கு வந்த நோய்க்கு மனைவியிடம் வைத்தியம் சொல்வது என்று பதிலளிப்பேன். மும்பையின் பெரிய மருத்துவமனை ஒன்றில், நோயாளிகளின் தட்டில் எது விழலாம், எது விழக்கூடாது என்று தீர்மானிக்கும் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றேன். ஓய்வு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது மாட்டுங்காவில், சர்க்கரை நோய்க்கென்றே நடக்கும் ஒரு சிறிய கிளினிக்கில் சில காலைப் பொழுதுகளில் உட்காருகிறேன். உள்ளறையில் டாக்டர் மாத்திரை எழுதுவார். வெளியறையில் நான் சோற்றைக் குறைப்பேன். எங்கள் இருவரில் யாரை மக்கள் அதிகம் வெறுக்கிறார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் படிக்கும் உங்களில் சிலருக்குச் சர்க்கரை இருக்கும். மற்றவர்கள் சர்க்கரை உள்ளவரை மணந்திருப்பீர்கள். நான் இரண்டாம் வகையைச் சேர்ந்தவள். ஆகவே உங்கள் துன்பம் எனக்கு அந்நியமன்று. என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "நானும் இதையே சாப்பிட வேண்டுமா?" நோயில்லாத மனைவிமார் கேட்கும் கேள்வி இது. நோயில்லாத கணவர் ஒருவரும் இதுவரை கேட்டதில்லை. ஒருநாள் கேட்டுவிட்டால் பதறாமல் பதில் சொல்வதற்கு மனத்துக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறேன்.

கேட்டுக்கொண்டவர்

வைத்தியநாதன் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் அதிகாரியாக இருந்தவர். அறைக்குள் முதலில் அவருடைய வயிறு வந்தது, பிறகு அவர் வந்தார், கடைசியாக அவருடைய மனைவி பாகீரதி வந்தார். அந்த அம்மாள் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். உடம்பில் சதையென்று சொல்லத் தக்கது எதுவுமில்லை. சர்க்கரை வைத்தியநாதனுக்கு, புதிதாகத் தெரியவந்திருந்தது. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு அல்லது தயிர், மீதமுள்ள கால் பங்கில்தான் சாதமோ சப்பாத்தியோ என்று அவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னேன். என் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அவர் மனைவியின் பக்கம் திரும்பி, "கேட்டுண்டியோ?" என்றார். நான் பேசியது எதுவும் அவருடைய காதில் தங்கவில்லை. அவரைத் தாண்டி அந்த அம்மாளிடம் போய்ச் சேர்ந்தது.

பாகீரதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தானும் அதையே சாப்பிட வேண்டுமா என்றார். காயும் பருப்பும் மாலை நடையும் இருவருக்கும் பொது. சாதத்தைக் குறைப்பது அவருக்கு மட்டும். உங்கள் உடம்பில் குறைப்பதற்கு ஒன்றுமில்லை, ஆகையால் நீங்கள் வழக்கம்போலச் சாப்பிடுங்கள் என்றேன். இதைவிடத் தெளிவாகத் தமிழில் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. வைத்தியநாதன் பெருமையோடு சிரித்தார். "அவளுக்கென்ன மேடம், ஒரு டம்ளர் மோரைக் குடிச்சுட்டு நாள் பூரா ஓட்டிடுவா."

அரிசி வெளியேறிய வீடு

அடுத்த முறை அவர்கள் வந்தபோது வைத்தியநாதனுடைய சர்க்கரை ஓரளவு இறங்கியிருந்தது. பாகீரதியின் எடை அதைக் காட்டிலும் நன்றாக இறங்கியிருந்தது. ரவிக்கையைப் பிடித்துத் தைத்திருந்தார். விசாரித்தபோது விவரம் வந்தது. வீட்டில் இருந்த அரிசியை மாடியில் இருப்பவர்களுக்குக் கொடுத்தாயிற்று. இட்லி கிடையாது, தோசை கிடையாது, சேமியாகூடக் கிடையாது. காலிஃப்ளவரைத் துருவி ஆவியில் வேகவைத்து, அதன்மேல் சாம்பாரை ஊற்றி, அதையே தயிர் விட்டும் பிசைந்து, இருவரும் சாப்பிடுகிறார்கள். இட்லித் தட்டில் இப்போது பனீர் வேகிறது. நான் சொன்ன கால் பங்குச் சாதத்தைக்கூட நீக்கிவிட்டு, எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவரைப்போல அந்த அம்மாள் பத்தியத்தை உயர்த்தியிருந்தார்.

அவருக்குக் கால் பங்கு உண்டு, உங்களுக்கோ தடையே கிடையாது, தனியாக ஒரு கிண்ணம் வடித்துக்கொள்ளுங்கள் என்றேன். "அவர் பார்த்துண்டு உக்காந்திருக்கறச்சே நான் எப்படி மேடம் சாதம் பிசைவேன்? தொண்டைக்குக் கீழே இறங்குமா?" என்று கேட்டார். என் கணவருக்கும் சர்க்கரை உண்டு. அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து நான் ரசஞ்சாதம் சாப்பிடுகிறேன். அது ஒழுங்காகத் தொண்டைக்குக் கீழே இறங்குகிறது என்று சொன்னேன். பாகீரதி என் கையைத் தட்டிக்கொடுத்தார். குரலில் கோபமில்லை, இரக்கம்தான் இருந்தது. "உங்க மனசு கல்லு மேடம். இந்த வேலைக்கு அப்படித்தான் இருக்கணும்போல இருக்கு."

தோட்டத்தில் கிடைத்த புகழ்

மாட்டுங்காவில் காலையில் தோட்டத்தைச் சுற்றி நடக்கும் ஆடவர் கூட்டம் ஒன்று உண்டு. நடை முடிந்ததும் ஒரு ஹோட்டலில் காப்பியும், ஆவியில் வெந்தது என்ற காரணத்தால் இட்லியும் சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள். வைத்தியநாதன் அந்தக் கூட்டத்தில் உண்டு. என் கணவரும் உண்டு. தமக்காகத் தம் மனைவி சாதத்தையே துறந்துவிட்டதை வைத்தியநாதன் அங்கே அறிவித்திருக்கிறார். கூட்டம் நெகிழ்ந்துபோயிற்று. அந்த வாரமே அக்கூட்டத்தைச் சேர்ந்த வேறு சிலருடைய மனைவிமார், வாடிய முகத்தோடு என் எதிரே வந்து உட்கார்ந்து, தாங்களும் சாதத்தை விட்டுவிட வேண்டுமா என்று கேட்டார்கள். கேட்கச் சொன்னவர் யார் என்று நான் அவர்களைக் கேட்கவில்லை.

மனைவியின் தியாகத்தை வைத்தியநாதன் வர்ணித்தபோது அவருடைய கையில் என்ன இருந்தது என்று என் கணவரிடம் விசாரித்தேன். இரண்டாவது இட்லி இருந்ததாம். பிறகு என் கணவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "உங்காத்துல எப்படின்னு எல்லாரும் என்னைக் கேட்டா. எனக்குச் சர்க்கரை, அவளுக்குச் சாம்பார் சாதம்னேன். துக்கம் விசாரிக்கிற மாதிரி எல்லாரும் என் தோளைத் தட்டினா."

செம்பூர்த் தம்பதி

பத்தியத்தைப் பங்கிடுவதே தவறு என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. செம்பூரிலிருந்து ஓர் இளம் தம்பதி வருவார்கள். அவர் டிராம்பே பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். அவள் வங்கியில் இருக்கிறாள். இருவருமே நல்ல பருமன். சர்க்கரை அவருக்கு மட்டும். உனக்கும் எடை குறைவது நல்லது, இருவரும் ஒரே சமையலைச் சாப்பிடுங்கள், ஒருவரை ஒருவர் கண்காணியுங்கள் என்று மகிழ்ச்சியோடு சம்மதம் கொடுத்தேன். உடம்புக்கு உடம்பு கணக்கு வேறு என்பதுதான் என் கட்சி. தாலிக்கும் தட்டுக்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. அவர்களுக்கு அது பலனும் கொடுத்தது. ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு ஒரு குறை. "காக்ரா ரொட்டி, சாலட் எல்லாம் என்கூட ஷேர் பண்றாரு மேடம். ஸ்டேஷன்ல வடாபாவ் மட்டும் அகேலா, தனியாவே தின்னு முடிச்சுட்டு வாயத் துடைச்சுட்டு வர்றாரு."

பெஞ்சில் இருவர்

நூர்ஜஹான் தாராவியிலிருந்து வருகிறவள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கணவர் ஜமால் அங்கே தோல் பை செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறையில் வேலை செய்பவர்களுக்கும் மதியச் சாப்பாடு நூர்ஜஹானுடைய அடுப்பிலிருந்துதான் போகிறது. இந்த வீட்டில் சர்க்கரை மனைவிக்கு, இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். கணவர் திடமாக இருக்கிறார். எல்லாருக்கும் சோறு போய்ச் சேர்ந்த பிறகு, பானையின் அடியில் இருக்கும் சோற்றையும் குழம்பையும் இவள் சாப்பிடுவாள். ஆகையால் இன்சுலின் ஒருபக்கம் இழுக்க, பானை மறுபக்கம் இழுத்தது. ஒருமுறை ஜமாலை வரவழைத்து, வீட்டில் இருப்பவர்களும் கொஞ்சம் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டிக்கொண்டால் அவளுக்கு எளிதாக இருக்குமே என்றேன். அவர் மரியாதையான மனிதர்; என் எதிரில் உட்காரக்கூட மாட்டார். நின்றபடியே மரியாதையாகச் சொன்னார்: "சீக்கு அவளுக்குத்தான மேடம்? எங்களுக்குச் சோறு இல்லாம கை ஓடாது பாத்துக்கிடுங்க."

ஒரு காலையில், வைத்தியநாதன் உள்ளே டாக்டரிடம் இருக்க, நூர்ஜஹானும் பாகீரதியும் வெளியே ஒரே பெஞ்சில் காத்திருந்தார்கள். பாகீரதி மோரைத் தவிர வேறெதுவும் சாப்பிடாமல் வந்திருந்தார். எழுந்து நின்றவர் சுவரைப் பிடித்தார், சுவர் நழுவியது. கீழே விழுமுன் நூர்ஜஹான் தாங்கிக்கொண்டு, மடியில் சாய்த்து, தன் கைப்பையைத் திறந்து, பேரீச்சம்பழத்தை எடுத்து, கொட்டையை நீக்கி, அந்த அம்மாளின் வாயில் வைத்தாள். தனக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிட்டால் சாப்பிடுவதற்காக அவள் வைத்திருந்த பழம் அது. நான் வந்து பார்த்தபோது, சர்க்கரை நோயாளி ஆரோக்கியமானவருக்கு முதலுதவி செய்துகொண்டிருந்தாள்.

பாகீரதிக்குத் தெளிந்ததும் இருவரும் தத்தம் வீட்டு விவரத்தைப் பேசிக்கொண்டார்கள். அந்த அம்மாள் வெட்கத்தோடு தம்முடைய காலிஃப்ளவர் வரலாற்றைச் சொன்னார். நூர்ஜஹான் வாயில் கை வைத்துக் கேட்டாள்; பிறகு கைப்பையை மூடிக்கொண்டே சொன்னாள். "எனக்குச் சீக்கும் இருக்கு, சோறும் இருக்கு. உங்களுக்குச் சீக்கும் இல்ல, சோறும் இல்ல. நம்ம ரெண்டு பேருல யாரு மாமி பெரிய கிறுக்கி?"

நான் சொல்லவேயில்லை

அன்றே டாக்டர் பாகீரதியைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்தார். எலும்புகள் மெலிந்திருந்தன. இப்படியே இளைத்துக்கொண்டு போய், இன்னொரு முறை நூர்ஜஹான் பக்கத்தில் இல்லாத இடத்தில் விழுந்தால், இடுப்பு எலும்பு தாங்காது என்று டாக்டர் சொன்னார்; அந்த வயதில் இடுப்பு முறிந்தால் மறுபடி எழுந்து நடப்பது நிச்சயமில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். பாகீரதி தலையாட்டினார். வெளியே வந்ததும் என்னிடம், நாளையிலிருந்து பாதாமைக் கூட்டிக்கொள்வதாகச் சொன்னார். சாதம் என்ற சொல்லை அவருடைய வாயிலிருந்து என்னால் வரவழைக்க முடியவில்லை.

வைத்தியநாதனைத் தனியாக அழைத்தேன். உங்கள் மனைவி உங்களுக்காகத் தம் எலும்பைக் கரைத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் சாப்பிடுவார் என்றேன். அவர் மிகவும் வருந்தினார். வருந்திய முகத்தில் ஓர் ஓரமாக அந்தத் தோட்டத்துப் பெருமை அழியாமலேயே இருந்தது. "சாதத்தை விடுன்னு நான் சொல்லவேயில்லை மேடம். அவளா பிரியமா பண்றா. அதைப் போய் எந்த வாயாலே தடுக்கறது?"

பாதாம் அடை

பிறகு காரடையான் நோன்பு வந்தது. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மனைவி நோன்பிருந்து, அரிசி மாவில் வெல்லமும் காராமணியும் சேர்த்து அடை தட்டி, வெண்ணெயோடு படைத்து, கணவரின் நீண்ட ஆயுளுக்காக வேண்டிக்கொண்டு, மஞ்சள் சரடு கட்டிக்கொண்டு, அந்த அடையைச் சாப்பிட வேண்டிய நாள். நோன்புக்கு முதல் நாள் வைத்தியநாதன் என் அறைக்குத் தனியாக வந்தார். இத்தனை மாதங்களில் அவர் தனியாக வந்தது அதுவே முதல் முறை. கதவைச் சாத்தினார். முகம் வெளிறியிருந்தது. சர்க்கரை ஏறிவிட்டதோ என்று நினைத்தேன்.

பாகீரதி இந்த ஆண்டு நோன்பு அடையைப் பாதாம் மாவில் செய்யப் போகிறாராம். வெல்லத்துக்குப் பதிலாக ஏதோ ஓர் இனிப்பு இலையின் பொடியாம். "அரிசி மாவுன்னுதானே மேடம் சாஸ்திரம்? பாதாம்ல பண்ணினா பலிக்குமா?" என்று கேட்டார். மனைவி மயங்கி விழுந்தபோது வராத வியர்வை இப்போது அவருடைய நெற்றியில் வந்திருந்தது. நான் அறிவியல் படித்தவள். அடைக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி என் பாடப் புத்தகங்களில் ஒன்றும் சொல்லப்படவில்லை. ஆயினும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பலிக்காது என்றேன்.

நான் பொய் சொன்னதாக நீங்கள் கருதக் கூடாது. காரணத்தையும் அவருக்கு வரிசையாக எடுத்துச் சொன்னேன். உங்களுடைய மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பவர் யார்? காய் நறுக்குபவர் யார்? காலிஃப்ளவரைத் துருவுபவர் யார்? அவர் இடுப்பு முறிந்து படுத்துவிட்டால், மூன்று வேளையும் நீங்கள் அந்த இட்லிக் கடையில்தான் சாப்பிட வேண்டும். அதன்பின் உங்கள் ஆயுளுக்கு நானும் பொறுப்பில்லை, டாக்டரும் பொறுப்பில்லை. ஆகவே நோன்பன்று மட்டும் போதாது. தினமும் மதியம் அவருடைய தட்டில் சாதம் விழ வேண்டும். விழுகிறதா என்று நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உங்கள் ஆயுள் உங்கள் கால் பங்குத் தட்டில் பாதிதான் இருக்கிறது, மீதிப் பாதி அவருடைய தட்டில் இருக்கிறது என்று முடித்தேன். வைத்தியநாதன் உடனே எழுந்தார். வாசல்வரை போனவர் தயங்கித் திரும்பினார். "மேடம், அரிசி எந்தக் கடையிலே கிடைக்கும்?"

முதல் தட்டு

நூர்ஜஹானிடம் நான் காரடையான் நோன்பைப் பற்றிப் பேச முடியாது, பேசவும் தேவைப்படவில்லை. பாகீரதி மயங்கி விழுந்ததைப் பார்த்த அன்றே அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இப்போது குழம்பு இறங்கியதும், பட்டறைக்குப் பானை போவதற்கு முன்பாக, நான் சொன்ன அளவில் காயும் மீனும் கொஞ்சம் சோறும் தன் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, உட்கார்ந்து சாப்பிட்டுவிடுகிறாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு. ஜமால் இன்னமும் சோற்றைக் குறைக்கவில்லை. நான் கேட்பதையும் நிறுத்தவில்லை. ஆனால் அவளுடைய சர்க்கரை இறங்கத் தொடங்கியிருக்கிறது. வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். "பொம்பள முன்னால திங்கலாமான்னு அவுக மொகத்தத் தூக்கி வச்சிருக்காவ மேடம். தூக்கி வச்சா வைக்கட்டும், எனக்குச் சக்கர இறங்குதுல்லா."

பசி

போன மாதம் பாகீரதி வந்திருந்தார். ரவிக்கையின் தையலைப் பிரித்து விட்டிருந்தார். எடை கூடியிருக்கிறது, தலைசுற்றல் இல்லை, டாக்டருக்குத் திருப்தி. நோன்பன்று வைத்தியநாதன் தாமே அரிசி வாங்கி வந்திருக்கிறார். பாசுமதி; அடைக்கு ஆகாது. பரவாயில்லை என்று அதிலேயே தட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து தினமும் மதியம் அவர் மனைவிக்குத் தம் கையாலேயே சாதம் பரிமாறுகிறார். கடைசிப் பருக்கை உள்ளே போகும்வரை எதிரில் உட்கார்ந்திருக்கிறார். பாதியில் கை கழுவப் போனால், "இன்னும் ஒரு பிடி, எனக்காக" என்கிறார். இந்தச் சேவை தோட்டத்திலும் அறிவிக்கப்பட்டு, அங்கே மறுபடியும் எல்லாரும் நெகிழ்ந்ததாக என் கணவர் மூலம் எனக்கு முன்னமே தெரியும்.

என் வைத்தியம் வென்றதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. நன்றி சொல்லப் போகிறார் என்று எண்ணி, அதை ஏற்றுக்கொள்வதற்குத் தக்க முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். பாகீரதி கைப்பையை மடியில் நிறுத்தி, அதன் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். கணக்கு ஆசிரியை அல்லவா. விடை சரியாக வந்திருந்தாலும் வழியில் ஒரு படி பிசகியிருந்தால் அவருக்குப் பொறுக்காது. "சாதத்தை விட்டதும் அவருக்காக, இப்போ சாப்பிடறதும் அவருக்காகன்னு ஆயிடுத்து. எனக்குப் பசிக்கறதுங்கற ஒரு காரணம் போறாதா மேடம்?"

"நானும் இதையே சாப்பிட வேண்டுமா?" என்று நோயில்லாத ஒரு கணவர் என்னிடம் வந்து கேட்கும்வரை இந்த நாற்காலியை விட்டு எழுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன், ஆகையால், எவரும் எனக்காக அடை தட்டாமலேயே, என் ஆயுள் மிகவும் கெட்டியாக இருக்கிறது.